மாதவரம் குடோனில் 96 லைட்: வயர்லெஸ் கண்ட்ரோல் போடலாமா, டாலி வயரே இழுத்துவிடலாமா?

மாதவரம் ஷெட் 4

எல்லோருக்கும் வணக்கம். மாதவரம் 200 அடி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு குடோனில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். பத்து மீட்டர் உயர ஷெட். எட்டு ரேக் சந்து, சந்துக்குப் பன்னிரண்டு என்று மொத்தம் 96 ஹைபே லைட், உயரக் கூரையில் தொங்குகிற வகை. ஒவ்வொன்றும் 150 வாட் எல்இடி. காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து வரை இரண்டு ஷிப்ட் ஓடுகிறது.

எங்களிடம் சுவிட்ச் என்று ஒன்று கிடையாது. வாசல் பக்கத்து டிபியில் (கரண்ட் பிரியும் பெட்டி) ஆறு எம்சிபி பிரேக்கர். காலையில் செக்யூரிட்டி ஆறையும் தூக்கிவிடுவார், இரவில் இறக்குவார். அந்த ஆறும் சந்தோடு போகாமல் குறுக்கே போகின்றன. அதனால் மூன்றாம் சந்தை மட்டும் அணைக்கலாம் என்றால் முடியாது. ஒருத்தர் ஒரு பெட்டி எடுக்கப் போனாலும் 96-உம் எரியும்.

முதலாளி இரண்டு கோட்டேஷன் வாங்கி என் மேசையில் போட்டுவிட்டார். ஒன்று டாலி, அதாவது ஒவ்வொரு லைட்டையும் தனித்தனியாக ஏற்றி இறக்கக் கண்ட்ரோல் வயர் இழுப்பது. இன்னொன்று லைட்டுகள் வயர் இல்லாமல் பேசிக்கொள்ளும் புளூடூத் மெஷ், லைட்டுக்கு 4,500 ரூபாய், சென்சாரும் சேர்த்து. வயர்லெஸ்காரர், "வயரே வேண்டாம் சார், நாலு நாளில் முடிச்சிடுவோம்" என்கிறார். டாலிக்காரர், "வயர்லெஸ்ஸெல்லாம் வீட்டுக்குத்தான் சார்" என்கிறார். இரண்டு பேரும் விற்கிறவர்கள். போட்டு அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய வயர்மேன் (வியாசர்பாடி)

தம்பி, கோட்டேஷனை ஓரமாக வை. சிசர் லிப்டில் ஏறி ஒரு ஃபிட்டிங்கைத் திறந்து பார். டிரைவரிலிருந்து (எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) லைன், நியூட்ரல், எர்த் தவிர இன்னும் இரண்டு மெல்லிய வயர் வெளியே வந்து, முனையில் டேப் சுற்றி மடக்கி வைத்திருக்கிறதா? இருந்தால் உன் டிரைவர் 0–10 வோல்ட் சிக்னலில் டிம் ஆகும், அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வயர்லெஸ் டப்பாவை அதில் மாட்டினால் போதும். இல்லையென்றால் டிரைவரையே மாற்ற வேண்டும். அந்தச் செலவு உன் கோட்டேஷனில் இருக்கிறதா என்று பார். பெரும்பாலும் இருக்காது, "எக்ஸ்ட்ரா ஐட்டம்" என்று பின்னால் வரும்.

ஒன்றை மட்டும் திறந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணாதே. நடுவில் ஃபியூஸ் போன லைட்டை மாற்றும்போது கிடைத்த கம்பெனி லைட்டை மாட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்.

"வயரே வேண்டாம்" என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. கரண்ட் காற்றில் வராது. பவர் வயர் இருந்த இடத்தில்தான் இருக்கும், மிச்சமாவது கண்ட்ரோல் வயர் மட்டும்.

லக்ஸ் மீட்டர்

வயர்மேன் அண்ணன் சொன்னதற்குக் கூடுதலாக. நான் லைட்டிங் டிசைன் பார்க்கிறேன், இரண்டையும் போட்டிருக்கிறேன்.

டாலி ஒரு லைனில் 64 டிரைவர்தான் ஏற்கும். உங்களுக்கு 96, அதனால் குறைந்தது இரண்டு லைன். லைன் மொத்த நீளம் 300 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டே வயர், பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டியதில்லை, பவர் வயரோடு ஒரே ஐந்து கோர் கேபிளிலேயே கொண்டுபோகலாம். புதுக் கட்டடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு டாலிதான் எழுதுவேன், ஏனென்றால் கேபிள் எப்படியும் இழுக்கத்தானே போகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் குடோன் வேறு விஷயம். பத்து மீட்டர் உயரத்தில், கீழே சரக்கை வைத்துக்கொண்டு, சந்து சந்தாக மூடி கேபிள் இழுக்க வேண்டும். அங்கே கேபிள் விலையை விடக் கூலியும் நின்றுபோகும் வேலையும்தான் பெரிது. வயர்லெஸ் ஜெயிக்கிற இடம் அதுதான்.

புளூடூத் மெஷ் என்றதும் செல்போனில் ஹெட்செட் மாட்டுகிற புளூடூத் என்று நினைத்து முகம் சுளிக்கிறார்கள். இது 2017-இல் வந்த தனி ஏற்பாடு. ஒரு லைட் சொன்னதைப் பக்கத்து லைட் கேட்டு அடுத்ததற்குச் சொல்லும். ஊர்ச் செய்தி திண்ணை திண்ணையாகப் போவது மாதிரி. 2023 செப்டம்பரில் லைட்டிங்குக்கென்றே பொதுவான விதிமுறையும் வந்தது. அதன்படி செய்யப்பட்ட சென்சாரும் லைட்டும் வெவ்வேறு கம்பெனியாக இருந்தாலும் பேசிக்கொள்ள வேண்டும். கோட்டேஷன் கொடுத்தவரிடம் அவருடைய பொருள் அந்த விதிக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். "எங்களுடைய சொந்த மெஷ் சார்" என்று பதில் வந்தால், நாளைக்கு ஒரு லைட் வாங்கவும் அவரிடம்தான் போக வேண்டும் என்று அர்த்தம்.

இன்னொன்று, ரேடியோ உள்ள எந்தப் பொருளுக்கும் மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு தரும் ஈடிஏ சான்று வேண்டும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் இங்கே லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம், 865–867 மெகாஹெர்ட்ஸும் 2005-லிருந்து அப்படித்தான். ஆனால் அமெரிக்காவுக்காகச் செய்த 915 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலை மலிவாக இறக்கி, "நீண்ட தூரம் போகும் சார்" என்று விற்கிறவர்களும் உண்டு. அதை வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

எண்ணூர் உப்புக்காற்று

நான் போட்டு அனுபவப்பட்டவன். மணலி புதுநகர்ப் பக்கம் ஒரு குடோன். வயர்லெஸ், 2.4 ஜிகாஹெர்ட்ஸ். கமிஷனிங், அதாவது எல்லாம் மாட்டி முதல்முறை ஓட்டிப் பார்க்கும்போது ரேக் எல்லாம் காலி. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு லைட்டெல்லாம் சொன்ன பேச்சு கேட்டன. வந்தவர்கள் டேப்லெட்டில் கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு சந்தாக ஏற்றி இறக்கிக் காட்டினார்கள், நாங்கள் கை தட்டினோம்.

பத்து நாளில் சரக்கு வந்தது. தண்ணீர் பாட்டில், ரேக் முழுக்க, தரையிலிருந்து உத்தரம் வரை. அன்று இரவே கடைசி இரண்டு சந்து அணைய மறுத்தன. மறுநாள் ஒன்று அணைந்தது, இன்னொன்று பகலெல்லாம் மின்னியது. கான்ட்ராக்டர் வந்து ஃபர்ம்வேர் என்றார், சர்வர் என்றார், கடைசியில் எங்கள் வைஃபையைக் குற்றம் சொன்னார். விஷயம் எளிது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் குடித்துவிடும், இரும்பு ரேக் திருப்பி அடிக்கும். காலி ரேக்கில் திருப்பி அடித்த அலையே சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. சரக்கு நிறைந்ததும் வழி அடைத்துக்கொண்டது. உத்தரத்துக்குக் கீழே, ரேக் உச்சிக்கு மேலே இருக்கும் இடைவெளிதான் அந்த லைட்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் தெரு. அந்தத் தெருவில் பெட்டி அடுக்கினால் பேச்சு நின்றுவிடும்.

அதனால் தம்பி, கமிஷனிங் நாளில் குடோன் நிறைந்திருக்கட்டும். நிறையவில்லையென்றால் தேதியைத் தள்ளிப்போடு.

மாதவரம் ஷெட் 4

எங்களிடம் பாதி துணி பேல், பாதி பெயிண்ட் டப்பா. தண்ணீர் இல்லை, ஆனால் டப்பா எல்லாம் தகரம். இதைக் கோட்டேஷன் கொடுத்த இரண்டு பேரும் கேட்கவே இல்லை.

ஷிப்ட் சி (மணலி)

பெயிண்ட் என்றால் தின்னர் இருக்குமே? அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

நான் ஆபத்தான பொருள் உள்ள ஆலையில் வேலை செய்கிறேன். எங்கள் இடத்தில் தீப்பற்றும் ஆவி வரக்கூடிய பகுதியில் உள்ள ஃபிட்டிங் எல்லாம் ஃபிளேம்ப்ரூஃப், உள்ளே பொறி வந்தாலும் தீ வெளியே பரவாத வகை. அந்தச் சான்று முழு ஃபிட்டிங்குக்கும் சேர்த்துத்தான். யாராவது அதில் ஓட்டை போட்டு சென்சார் மாட்டினால் சான்று அங்கேயே செத்தது. நாக்பூரில் இருக்கும் பெசோ (வெடிபொருள், பெட்ரோலியப் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு) ஆய்வு, இன்ஷூரன்ஸ் என்று எல்லாம் தொங்கும். தின்னர் வைத்த அறை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதைக் கோட்டேஷனிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே பழைய லைட்டே இருக்கட்டும், வெளியிலிருந்து சுவிட்ச் போதும்.

மாதவரம் ஷெட் 4

தின்னர் தனி அறையில்தான் சார், ஒரு சந்தின் முனையைத் தடுத்துக் கட்டியது. ஆனால் 96-இல் அந்த அறையின் இரண்டு லைட்டும் கணக்கில் வந்திருக்கிறது! இப்போதுதான் கோட்டேஷனை மறுபடி பார்த்தேன். நல்லவேளை கேட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் எப்படிப் போடுவது என்று பேசுகிறீர்கள். போட வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

இதோ கணக்கு. 96 × 150 வாட் = 14.4 கிலோவாட். ஒரு நாளைக்கு 16 மணி, வருடத்துக்கு 300 நாள், ஆக 4,800 மணி. மொத்தம் 69,120 யூனிட். பாதி நேரம் சந்து காலியாக இருக்கிறது, அப்போது 20 சதவீதத்துக்கு இறங்குகிறது என்றால் மிச்சம் 40 சதவீதம், அதாவது 27,648 யூனிட். யூனிட்டுக்கு எல்லாம் சேர்த்து எட்டு ரூபாய் என்று வைத்தால் 2 லட்சத்து 21 ஆயிரம் சொச்சம். கோட்டேஷன் 4,32,000. இரண்டு வருடத்தில் போட்டது கைக்கு வந்துவிடும். விற்கிறவர் காட்டும் கணக்கும் இதேதான், அவர் தாளைப் பார்க்காமலே சொல்கிறேன்.

இனி ஓட்டைகள். ஒன்று, "பாதி நேரம் காலி" என்பதை யார் அளந்தார்கள்? இரண்டாவது, எல்இடிக்கு முன்னால் இருந்த பழைய 400 வாட் மெட்டல் ஹாலைடு லைட் சோக்கோடு சேர்ந்து 440 வாட் இழுத்திருக்கும். அது 150 ஆனபோதே பெரிய மிச்சம் முடிந்துவிட்டது. இனி மிச்சமாவது அந்த மிச்சத்தின் மிச்சம். மூன்றாவது, அந்த வயர்லெஸ் டப்பா இரவு பகல் உயிரோடு இருக்கும். அரை வாட் என்றாலும் 96-க்கு 48 வாட், வருடத்துக்கு 420 யூனிட். சின்னதுதான், ஆனால் விற்கிறவர் தாளில் இது ஒருநாளும் இருக்காது. அப்புறம், இரவு மெயின் எம்சிபியை இறக்கினால் டப்பாவும் செத்துவிடும், காலையில் எழுந்து வலையைத் தேடும். செக்யூரிட்டிக்கு அந்தப் பழக்கத்தை மறக்கச் சொல்ல வேண்டும்.

நாலாவது, கூரையில் வெளிச்ச ஷீட் இருக்குமே, அதைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?

மாதவரம் ஷெட் 4

ஷீட்டா... கழுவியதாக ஞாபகம் இல்லை. வெள்ளையாக இருந்தது இப்போது டீ நிறத்தில் இருக்கிறது.

பழைய வயர்மேன் (வியாசர்பாடி)

பார்த்தியா. முதலில் பைப்பைப் பிடி.

கொருக்குப்பேட்டை மேஸ்திரி

நான் லைட் வேலை தெரிந்தவன் இல்லை. லோடு ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவன். ஆனால் இந்த சென்சார் லைட்டுக்குக் கீழே வேலை பார்த்ததால் சொல்கிறேன்.

போன வருடம் கத்திரி வெயிலில் எங்கள் ஆட்கள் ஒரு குடோனில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரை. உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. ஒருத்தன் ரேக்கின் மூன்றாவது தட்டில் உட்கார்ந்து சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறான், தலைக்கு மேல் லைட் அணைகிறது. கை ஆட்டினான், வரவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்துச் சுழற்றினான், வந்தது. இரண்டு நிமிடத்தில் மறுபடி அணைந்தது. கடைசியில் கீழே ஒரு பையனை நிறுத்தி, "லைட்டு!" என்று மேலிருந்து கத்தியதும் அவன் சந்தில் ஓடுவான், லைட் வரும். ஒரு ஆள் கூலி லைட்டுக்கே போனது. கரண்ட் மிச்சம் பிடித்த முதலாளியிடம் அந்தக் கூலியைக் கேட்டேன், சிரித்தார்.

பத்து அடி உயரத்தில் இருட்டில் காலை எங்கே வைப்பான்? இதைப் போடுகிறவர்கள் யாராவது ரேக் மேல் ஏறிப் பார்த்திருக்கிறார்களா?

லக்ஸ் மீட்டர்

மேஸ்திரி அண்ணன் சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமானது. அது ஏன் நடந்தது என்று சொல்கிறேன்.

பிஐஆர் சென்சார் ஆளைப் பார்ப்பதில்லை, சூட்டு வித்தியாசத்தைப் பார்க்கிறது. உடம்பின் வெளிப்பக்கம் சுமார் 33, 34 டிகிரி. சுற்றுப்புறம் 25 டிகிரி என்றால் ஆள் பளிச்சென்று தெரிவான். தகரக் கூரைக்குக் கீழே மே மாதம் உள்ளேயும் அதே 34, 35 ஆகும்போது ஆளுக்கும் பின்னால் இருக்கும் சரக்குக்கும் வித்தியாசமே இல்லை. அதனால்தான் துண்டைச் சுழற்ற வேண்டியிருந்தது. அதோடு, சாதாரண பிஐஆர் மூன்று நான்கு மீட்டர் உயரத்துக்குச் செய்தது. ஹைபேக்கு அதற்கென்று தனி லென்ஸ் உள்ளது வேண்டும். இதைக் கேட்டு வாங்காவிட்டால் ஆபீஸ் சென்சாரைத்தான் மாட்டிவிட்டுப் போவார்கள்.

"அப்போ மைக்ரோவேவ் சென்சார் போடலாமே" என்பார்கள். அதற்கு வெயில் பிரச்சினை இல்லை. ஆனால் அசைவது எதுவானாலும் பார்க்கும். சுற்றும் ஃபேன், காற்றில் அதிரும் ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் சுவருக்கு அந்தப் பக்கம் போகிற ஆள், எல்லாம் அதற்கு ஆள்தான். கடற்கரைக் காற்று அடிக்கும் ஷெட்டில் மைக்ரோவேவ் சென்சார் லைட்டை அணைக்கவே விடாது.

வழி என்னவென்றால், ஒருபோதும் முழுதாக அணைக்காதீர்கள். 20 சதவீதத்தில் நிறுத்துங்கள். 20 சதவீத வெளிச்சம் கண்ணுக்கு 20 சதவீதமாகத் தெரியாது, ஏறக்குறைய 45 சதவீதம் மாதிரி தெரியும். கண்ணின் கணக்கு அப்படி. ரேக்கில் இருப்பவனுக்குக் காலும் தட்டும் தெரியும். அப்புறம், ஆள் இல்லை என்று முடிவுகட்ட இரண்டு நிமிடம் போதாது, பத்து நிமிடமாவது வையுங்கள். ஒரு சந்தில் எந்த சென்சார் ஆளைப் பார்த்தாலும் சந்து முழுக்க ஏறட்டும். வயர்லெஸ்ஸின் உண்மையான நன்மை இந்தக் கடைசி விஷயம்தான், தனித்தனி சென்சார் லைட்டில் இது வராது.

வெளியேறும் வழி லைட்டையும் எமர்ஜென்சி லைட்டையும் இதோடு சேர்க்காதீர்கள்.

டோல்கேட் தம்பி

பாதுகாப்பு பற்றி யாரும் பேசவில்லையே. 2016-இல் இஸ்ரேலின் வைஸ்மேன் நிறுவனமும் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகமும் சேர்ந்து ஜிக்பீ என்ற இன்னொரு வயர்லெஸ் வகைப் பல்புகளைத் தூரத்திலிருந்தே கைப்பற்றிக் காட்டினார்கள். ட்ரோனில் கருவியைக் கட்டிப் பறக்கவிட்டு ஒரு கட்டடத்தின் லைட்டைச் சிமிட்ட வைத்தார்கள். காரணம், அந்த வகைப் பல்பு எல்லாவற்றிலும் ஒரே ரகசிய எண் இருந்தது. ஒன்றைப் பிரித்துக் கண்டுபிடித்ததும் எல்லாம் திறந்துகொண்டது. விற்ற கம்பெனி பிறகு சரிசெய்தது. மாதவரத்தில் யார் ட்ரோன் விடப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள். லைட் வலையையும் பில்லிங் கம்ப்யூட்டர் வலையையும் ஒரே ரௌட்டரில் போடாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

பழைய வயர்மேன் (வியாசர்பாடி)

எங்கள் ஏரியாவில் ட்ரோன் வேண்டாம் தம்பி, எம்சிபியைத் தட்டிவிட்டாலே போதும்.

எண்ணூர் உப்புக்காற்று

டோல்கேட் தம்பி வெளியிலிருந்து வருகிற திருடனைச் சொல்கிறார். எனக்கு நடந்தது வேறு. சாவி எங்களிடமே இல்லை.

புளூடூத் மெஷ்ஷில் ஒவ்வொரு லைட்டையும் வலைக்குள் சேர்க்கும்போது அதற்கு ஒரு ரகசிய சாவி ஏறும். அந்தச் சாவிகள், எந்த லைட் எந்தச் சந்து, எவ்வளவு நேரம், எல்லாம் சேர்ப்பவரின் ஆப்பில் ஒரு கோப்பாக இருக்கும். எங்கள் கோப்பு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்த பையனின் செல்போனில் இருந்தது. எங்களுக்குத் தெரியாது. லைட் எரிகிறது, அணைகிறது, வேறென்ன கேட்கப்போகிறோம்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். குடோனுக்குள் இடுப்பளவு தண்ணீர். மேலே இருந்த லைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, லைட் வலையை இண்டர்நெட்டோடு இணைக்கும் கேட்வே டப்பாவை டேபிளுக்கு அடியில் வைத்திருந்தார்கள், அது போனது. அதுகூடப் பரவாயில்லை, சென்சாரும் லைட்டும் தங்களுக்குள் பேசிக்கொண்டு தொடர்ந்து வேலை செய்தன, இண்டர்நெட்டே தேவைப்படவில்லை. அதற்காக அந்தத் தொழில்நுட்பத்தை நான் இன்றும் பாராட்டுவேன். தண்ணீர் வடிந்த பிறகு ரேக்கை மாற்றி அடுக்கினோம். மூன்று சந்து இரண்டு சந்து ஆனது. லைட் பழைய சந்துக் கணக்கிலேயே எரிந்தது. மாற்றலாம் என்று கான்ட்ராக்டரைக் கூப்பிட்டால், பையன் வேலையை விட்டுவிட்டான், அவன் போனும் வெள்ளத்தில் போய்விட்டது.

சாவி இல்லாமல் ஒரு லைட்டைக்கூட மாற்ற முடியாது. ஒவ்வொன்றையும் ரீசெட் செய்து புதிதாகச் சேர்க்க வேண்டும். எங்கள் மாடலில் ரீசெட் என்றால் மேலே ஏறி, ஃபிட்டிங் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் துளையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்த வேண்டும். 140 லைட். சிசர் லிப்ட் வாடகை, ஆள் கூலி, அதற்குள் இரண்டு சந்து மூடல். வயரில் மிச்சம் பிடித்த பணம் ஊசிமுனையில் போனது.

டாலியிலும் அட்ரஸ் கொடுக்க வேண்டும், அதிலும் கோப்பு உண்டு, அது வேறு. ஆனால் அங்கே கோப்பு தொலைந்தாலும் வயரில் லேப்டாப்பை மாட்டி யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டால் டிரைவர்கள் பதில் சொல்லும். இங்கே சாவி இல்லாதவனுக்கு லைட் வாயே திறக்காது. திறக்கவும் கூடாது, அதுதான் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பு எங்களுக்கு எதிராகவே நின்றது.

மாதவரம் ஷெட் 4

இதைப் படித்துவிட்டு இரண்டு கோட்டேஷன்காரர்களையும் கூப்பிட்டு, "சாவிக் கோப்பு யாரிடம் இருக்கும்?" என்று கேட்டேன். டாலிக்காரர் யோசிக்காமல், "உங்களுக்கு ஒரு காப்பி தருவோம்" என்றார். வயர்லெஸ்காரர், "அது கிளவுடில் பத்திரமாக இருக்கும் சார்." கிளவுட் யாருடையது? "எங்களுடையது." வருடக் கட்டணமா? "முதல் வருடம் ஃப்ரீ."

கணக்குப்பிள்ளை

இரண்டாம் வருடம் எவ்வளவு என்று கேட்டீர்களா? நான் போட்ட கணக்கில் அது இல்லை.

மாதவரம் ஷெட் 4

கேட்டேன். எழுத்தில் தர யோசிக்கிறார். நல்லது, தராமல் ஒரு பைசா கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஒரு சந்தில் மட்டும் ஒரு மாதம் போட்டுப் பார்க்கலாம் என்று முதலாளி ஒத்துக்கொண்டார். கத்திரி முடிந்த பிறகு வந்து எழுதுகிறேன்.

பழைய வயர்மேன் (வியாசர்பாடி)

ஜெனரேட்டர் சேஞ்ச் ஓவரையும் சோதித்துப் பார். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்போது லைட் எந்த அளவில் எழுகிறது என்று. சிலது முழுசாக எழும், சிலது போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே. முழுசாக எழுகிற மாதிரி வைக்கச் சொல். உப்புக்காற்றுத் தம்பி மாதிரி கடல் பக்கம் என்றால், ஃபிட்டிங்குக்கு வெளியே மாட்டுகிற சென்சாரின் கனெக்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும், பச்சை பூத்திருக்கும். மாதவரத்தில் அவ்வளவு இருக்காது.

லேத் பட்டறைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று: டிம் ஆகும்போது கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிற மலிவு டிரைவர் இருக்கிறது. லேத்தில் சுற்றுகிற சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் பாகம்) நின்றுவிட்ட மாதிரி தெரியும். அங்கே கை வைத்தவன் விரலை நான் பார்த்திருக்கிறேன், பழைய டியூப்லைட் காலத்தில். வாங்கும்போது செல்போன் கேமராவை லைட்டுக்கு நேரே பிடித்துப் பார், பட்டை பட்டையாக ஓடினால் திருப்பிக் கொடு.

மாதவரம் ஷெட் 4

வந்துவிட்டேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கூரை ஷீட்டைக் கழுவினோம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. கணக்குப்பிள்ளைக்கு நன்றி. பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை நடுச் சந்துகளில் லைட்டே வேண்டாம் என்கிற அளவுக்கு வெளிச்சம். இத்தனை வருடம் அழுக்குக்கு அடியில் கரண்ட் கட்டியிருக்கிறோம்.

96 ஃபிட்டிங்கையும் திறந்து பார்த்ததில், 80-இல் வயர்மேன் அண்ணன் சொன்ன அந்த இரண்டு வயர் மடக்கி டேப் சுற்றி இருந்தது. 16-இல் இல்லை. எல்லாம் நடுவில் மாற்றிப் போட்டவை. அந்த 16-க்கு மட்டும் புது டிரைவர்.

சோதனைக்கு ஐந்தாம் சந்தை எடுத்தோம், பெயிண்ட் டப்பா சந்து, வேண்டுமென்றே. பன்னிரண்டு லைட், ஹைபே லென்ஸ் பிஐஆர். அந்த லைனுக்குத் தனி மீட்டர். முன்பு ஒரு நாளைக்கு 28.8 யூனிட். முதல் வாரம் 15-க்கு வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாம் வாரம் கத்திரி. ரேக் உச்சியில் தெர்மாமீட்டர் கட்டித் தொங்கவிட்டேன், மதியம் 41. மேஸ்திரி சொன்ன துண்டு எங்கள் குடோனிலும் சுழன்றது. ஃபோர்க்லிப்டை சென்சார் நன்றாகவே பார்க்கிறது, மோட்டார் சூடு. உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறவரைத்தான் பார்ப்பதில்லை.

பத்து நிமிடமாக மாற்றினோம், கீழ் அளவை 20-லிருந்து 30 ஆக்கினோம், சந்தின் இரண்டு முனையிலும் தலை உயரத்தில் ஒரு அமுக்கு சுவிட்ச் வைத்தோம். அமுக்கினால் ஒரு மணி நேரம் முழு வெளிச்சம், சென்சார் என்ன நினைத்தாலும் சரி. பாட்டரி இல்லாத வகை, அமுக்குகிற விசையிலேயே வேலை செய்கிறது. லோடுமேன்களுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அப்புறம் ஒரு நாளைக்கு 19 யூனிட்டில் நின்றது. அதாவது 34 சதவீதம் மிச்சம், 40 இல்லை. துண்டு சுழலவில்லை.

மீதி ஏழு சந்துக்கும் வயர்லெஸ்ஸே போட முடிவு செய்துவிட்டோம், வேறு ஆளிடம், பொது விதிப்படி வேலை செய்கிற பொருள். கிளவுட் கிடையாது. தின்னர் அறை இதில் இல்லை. பில்லில் பத்து சதவீதத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். சாவிக் கோப்பை எங்கள் டேப்லெட்டில் ஏற்றி, என் கையாலேயே ஒரு லைட்டைக் கழற்றி, புது லைட்டைச் சேர்த்து, வேறு சந்துக்கு மாற்றிக் காட்டிய பிறகுதான் அந்தப் பத்து சதவீதம். கோப்பின் காப்பி இரண்டு பென் டிரைவில். ஒன்று முதலாளி வீட்டில், ஒன்று ஆபீஸ் பீரோவில். பாஸ்வேர்டு நோட்டும் அதே பீரோவில்.

பழைய வயர்மேன் (வியாசர்பாடி)

பீரோ சாவி யார்கிட்ட தம்பி?

மாதவரம் ஷெட் 4

செக்யூரிட்டி அண்ணன் கிட்ட. ஒரு டூப்ளிகேட் போடச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.